சட்னி இல்லாத செவ்வாய்

எங்கள் தெருவில் ‘பாவம்’ என்ற சொல்லுக்குத் தடை வந்திருக்கிறது. போட்டவர் கலெக்டர் இல்லை. நாலாவது வீட்டுச் செல்வி.

அவளுடைய மகன் கதிருக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். எங்கள் வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை. செல்வியின் கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வருகிற காலை தெருவே ஆஜராகிவிடும். போன வாரம் அப்படி நிற்கும்போது பார்த்தோம்... செல்வியின் கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லில் சீழ். பல் டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்டோம்.

“இவன வச்சுக்கிட்டு அந்த மிஷின் சத்தத்துல எப்படி உக்கார? யாருகிட்ட விட்டுட்டுப் போக?”

“பாவம் செல்வி” என்றார் ஒருவர். “பிள்ளையும் பாவம்” என்றார் இன்னொருவர். என் பங்குக்கு நானும் ஒரு ‘பாவம்’ போட்டேன். இலவசம்தானே?

செல்வி குடத்தை இறக்கி வைத்தாள்.

“இனிமே பாவம்னு சொல்லுதவிய ஒரு மணி நேரம் எம் பிள்ளையப் பாத்துக்கிடணும். ஏலாதுன்னா அந்த வார்த்தையே வேண்டாம். அதக் கேக்கதுக்குப் பல்லு வலியே தேவல.”

வரிசையில் எல்லோருக்கும் திடீரென்று குடத்தைக் கழுவும் வேலை வந்துவிட்டது.

கடைசியில் வாயைத் திறந்தவர் ஜவுளிக்கடை வீட்டு மும்தாஜ். “ஏட்டி, நாளைக்குக் காலையில போ. நான் பாத்துக்கிடுதேன்.”

“கத்துவான்க்கா.”

“கத்தட்டும். எங்க வீட்டு டிவி கத்தாததா? வேற என்ன பாக்கணும், சொல்லு.”

“மிக்ஸி மட்டும் ஓடக் கூடாது.”

மும்தாஜ் எங்கள் பக்கம் திரும்பினார். “கேட்டியளா?”

மறுநாள் செவ்வாய். தெருவில் ஒரு மிக்ஸியும் ஓடவில்லை. எல்லா வீட்டிலும் இட்லிக்குப் பொடிதான். சட்னி இல்லாமல் எனக்கு இட்லி இறங்காது — அன்றைக்கு இறங்கியது.

பள்ளியில் சிறப்பாசிரியர் வேண்டும், பக்கத்திலேயே தெரபி வேண்டும். கேட்டுக்கொண்டேதான் இருப்போம், விடப்போவதில்லை. ஆனால் அதெல்லாம் வந்து சேரும்வரை ஒரு தாய்க்குப் பல் வலிக்காமல் இருக்குமா?

வாயில் பஞ்சோடு செல்வி திரும்பியபோது, கதிர் மும்தாஜ் வீட்டு ரிமோட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். இடையில் ஒருமுறை அழுதானாம். குக்கர் விசில். அதை யாரும் யோசிக்கவில்லை.

“இன்னும் ரெண்டு செவ்வா வரச் சொல்லுதாரு” என்றாள் செல்வி. பிறகு வாசலில் மனைவியோடு நின்ற என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி, நீங்களும் நேத்துப் பாவம்னு சொன்னீங்கல்லா? அடுத்த செவ்வா உங்க முறை.”

எனக்கு முன்னால் என் மனைவி முந்திக்கொண்டாள். “பாவம், அவியளுக்கு ஒண்ணும் தெரியாது செல்வி.”

செல்வி பஞ்சை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

“அதுக்கடுத்த செவ்வா உங்களுக்கு மைனி.”