பச்சை மெஷினுக்கு எண்ணெய்க்காப்பு

காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எங்கள் பல்பர் மெஷினை அப்பா சாமியாகவே நடத்துவார். சீசனில் முதல் பழம் போடுவதற்கு முந்தின சாயங்காலம் அதைக் கழுவி, உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தடவிப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

எங்கள் மலையூர் மாரமங்கலத்துக் குளிரில் சாதாரண மெஷின் ஆயில் இறுகிவிடும். அடுப்பில் சூடாக்கித்தான் ஊற்றவேண்டும். அம்மாவின் தம்பி பெங்களூரில் விமான எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டும் இடத்தில் வேலை பார்த்தார். அந்த வருஷம் லீவில் வந்த மாமா ஒரு சின்ன டின்னை நீட்டினார்.

"குளிருக்கு உறையாதுங்க மச்சான். எஞ்சின் சூட்டுக்கும் தீயாது. இது பூமியில எடுக்கற எண்ணெய் இல்லீங்க, பேக்டரியில கூட்டிச் செய்யறது."

அப்பா சும்மா நம்புகிற ஆளா? பழைய மண்வெட்டியை அடுப்பில் காயவைத்து, இரண்டு எண்ணெயிலும் ஒவ்வொரு சொட்டு அதன்மேல் விட்டார். எங்கள் எண்ணெய் குப்பென்று புகைந்து கருகியது. மாமாவுடையது மினுமினுவென்று பரவி அப்படியே நின்றது. அது எப்படி? எனக்கு மண்டை குடைந்தது. டின்னுக்குள் விரலை விடப் போனேன். மாமா கையைத் தட்டிவிட்டார்.

"வேண்டாம் கண்ணு, தோலுக்கு ஆகாது."

சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன்.

"பேரிங்குக்கு ரெண்டு சொட்டு போதுங்க" என்று சொல்லிவிட்டு மாமா ஒரு வேலையாய் ஏற்காட்டுக்குப் போனார். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆகாயத்தில் பறக்கிறதற்குப் போடும் எண்ணெய் ஆயிற்றே! துணியில் நனைத்து மெஷின் முழுக்கக் காப்பிட்டுவிட்டார்.

விடிந்து பார்த்தால், மெஷினின் பச்சைப் பெயிண்ட் வெந்த உருளைக்கிழங்குத் தோல்போலச் சுருங்கி, தொட்டால் கையோடு வந்தது. அப்படியே ஓட்டினால் கொட்டையெல்லாம் பெயிண்ட் செதில்தான். பறித்த பழமோ வாசல் நிறையக் குவிந்து கிடந்தது.

"ஏனுங்க, இன்னிக்கே ஓட்டலீன்னா அத்தனையும் புளிச்சுப்போயிருமுங்களே! வருஷப் பாடு போச்சுங்களே!" அம்மா அழுதேவிட்டாள்.

ஏற்காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய மாமா, பையை வைத்துவிட்டு நேரே மெஷினிடம் போனார். வெறுங்கையால் பெயிண்டை வழித்து, சாக்கால் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவினார். மதியத்துக்குள் மெஷின் மொட்டை இரும்பாய் நின்றது. ஓட்டினால், அடடா, பேரிங்கில் சத்தமே இல்லை! இருட்டுவதற்குள் பழம் முழுக்க உரிந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

சாப்பிடும்போது மாமாவின் விரல்களைப் பார்த்தேன். வெளுத்து, வெடித்து, ஓரமெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"என்னங்க மாமா இது?"

"ஒண்ணுமில்ல சாமி, பனி வெடிப்பு."

பெயிண்ட் போனதற்கு அப்பா நொந்துபோய்ப் புலம்பிக்கொண்டிருந்தார். அம்மா ஆறுதல் சொன்னாள். நானோ, நம் மலையைவிடப் பெங்களூரில் பனி அதிகம் போலிருக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.