பாட்டுக்குள் போன தோணி

எங்கள் வீட்டில் கடலில் இருப்பவருக்குப் பண்டிகைத் துணி எடுப்பதில்லை. தோணி வந்து, அவர் காலில் உப்போடு இறங்கி, நேரே கடைத்தெருவுக்குப் போய்த் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். யார் வைத்த வழக்கமோ, மாமியார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானும் அப்படியே நடந்துவருகிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் அதை மாற்ற வேண்டும் என்று நின்றாள்.

“மைனி, அண்ணனுக்கும் ஒரு சட்ட எடுத்துருவோம். எடுத்து வச்சா வந்துதானே ஆவணும்?”

என் வீட்டுக்காரர் தோணியில் டிரைவர். இன்ஜின் அவர் பொறுப்பு; தோணிக்குத் தலைவர் தண்டல். காய்கறியும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போனார்கள். இறக்கிவிட்டு, ‘கெளம்பிட்டோம்’ என்று ஒரு செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகு தாழ்வு நிலை என்றார்கள், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியது. தோணி ஆபீஸில் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. திரேஸ்புரத்தில் எங்கள் தெருக்காரி ஒருத்தி சொன்னாள்: “கடல்ல இருக்கவனும் சாமியும் ஒண்ணுதாம் ஏளா. நாம கூப்புடுதது கேக்கும், பதிலு மட்டும் வராது.” வேறு நாளாக இருந்தால் அந்த வாய்க்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். இப்படிப்பட்ட வாய்களிலிருந்துதான் நான் பாட்டு எழுதக் கற்றேன்; மீன் ஏலத்திலும் மினி பஸ்ஸிலும் காதில் விழுந்ததற்கு மேல் எனக்குப் படிப்பு கிடையாது. அன்றைக்கு அவளுக்கு முகம் கொடுக்காமல் நடந்துவிட்டேன்.

பிள்ளைகளுக்காவது துணி எடுக்க வேண்டுமே என்றுதான் கடைத்தெருவுக்குப் போனோம். கடையில் நிற்க இடமில்லை. ஸ்டார் விளக்கும் குடில் பொம்மையும் வாசல் வரை தொங்கின. நாத்தனார் என்னை ஆண்கள் சட்டைப் பக்கம் இழுத்துப்போனாள். அங்கே நின்ற விற்பனைப் பெண் எங்கள் பங்குக் கோயில்காரிதான். எங்களைப் பார்த்ததும் பெட்டி பெட்டியாக இறக்கினாள்.

“அண்ணனுக்கு என்ன சைசு?”

நாத்தனார் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே கைகளை விரித்து, “இம்புட்டு இருப்பாவ” என்று காற்றில் அண்ணனின் தோளை அளந்து காட்டினாள். அந்த இரண்டு கைகளுக்கு நடுவே ஆள் இல்லாததைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் சட்டையை உதறி விரித்தபடியே முணுமுணுவென்று பாடினாள்.

‘கரை காணாத் தோணி நான், கைகொடு பாலனே...’

கோயில் பாடகர் குழுவுக்காக இந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நான் எழுதிய பாட்டு. பயிற்சியில் பாடியதை யாரோ பங்கு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். மெட்டு முதலில் வந்தது. நான் சொல் போட்டேன். தோணி புறப்பட்ட வாரம் எழுதியது, எல்லாரும் எழுதுகிற பக்தி வரிதான். ‘நல்லா இழுத்துப் பாட வருது’ என்று பாட்டு மாஸ்டர் கூட மெச்சினார்.

நாத்தனார் கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டாள்.

“ஏளா, நிறுத்து அத.”

“ஏங்க்கா? மைனி எழுதுன பாட்டுதான?”

“அதாம் சொல்லுதேன், நிறுத்து.” பிறகு என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் கேட்டாள். “ஏம் மைனி, எழுதுததுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலையா ஒங்களுக்கு?”

கவிஞன் வாயில் கெட்ட சொல் விழுந்தால் பலித்துவிடும், அறம் பாடி ஆளையே சாய்த்திருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டதுண்டு. நான் என்ன பெரிய கவிஞர் என்று சிரித்திருக்கிறேன். இன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. ஊரில் எத்தனை போனில் இந்நேரம் அந்த வரி ஓடுகிறதோ! ஒவ்வொரு தடவை ஓடும்போதும் தோணி இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளிப்போவது போல இருந்தது.

வெளியே வந்து மாஸ்டருக்கு அடித்தேன்.

“தம்பி, ரெண்டாவது சரணத்துல ‘கரை சேரும் தோணி’ன்னு மாத்திருங்க.”

“அக்கா, கரை சேருத தோணிக்கு எதுக்குக் கைகொடுக்கணும்? பாலன் சும்மா நிப்பாரே!” என்று சிரித்தார். பிறகுதான் அவருக்கு விளங்கியது. சிரிப்பு நின்றது. “மாத்திருதேன்க்கா” என்றார்.

அவர் சொன்னது சரி. வரி செத்துவிட்டது. சாகட்டும் என்று நினைத்தேன். பாட்டுக்கும் மனுஷனுக்கும் நடுவில் எதை எடுப்பாய் என்று யாராவது கேட்டால், யோசிக்கக்கூட மாட்டேன்.

கடைக்குள் திரும்பவில்லை. நாத்தனாரும் வெறுங்கையோடு வந்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். எனக்குக் கை வரவில்லை. அவள்தான் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏளா, நாந்தாம்.”

நாத்தனார் ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“மினிக்காய்த் தீவுல ஒதுங்கிக் கெடந்தோம். வயர்லெஸ் போச்சு, இங்க டவரும் இப்பந்தாம் வந்துருக்கு. டீக்கடைக்காரர் போன்ல பேசுதேன்.”

“ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“வெறுந்தோணி, ஆட்டம்தாம் சாஸ்தி. கொடலு வாய்க்கு வந்துட்டு. சரி, கெளம்பப் போறோம், பண்டியலுக்கு வந்துருவோம்.”

“இப்பமேயா? காத்து அடங்கட்டும். பண்டியல அங்கனயே கொண்டாடுங்க.”

“அடங்கிட்டுன்னு சொல்லுதாவ.”

“யாரு சொல்லுதா? தண்டல்ட்ட போனக் குடுங்க, நாம் பேசுதேன்.”

“தண்டலு தோணில நிக்காரு, கூப்புடுதாரு” என்றார். சிரித்தார். வைத்துவிட்டார்.

நாத்தனார் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள், சிரித்தாள், “சட்ட எடுப்போம் வாங்க மைனி” என்று என் கையை இழுத்தாள். நான் அதே நம்பருக்குத் திரும்ப அடித்தேன். டீக்கடைக்காரர் எடுத்தார். ஒரு நாள் கழித்துக் கிளம்பச் சொல்லுங்கள், ஓடிப்போய்ச் சொல்லுங்கள் என்று தமிழில் கத்தினேன். அவர் தம் பாஷையில் அன்பாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.