அஸீமாவின் ஐஸ்கிரீம் பெட்டி

எங்கள் ஒழுங்கையில் குப்பை டிராக்டர் வரும் நாள் என்றால் எல்லாருக்கும் பயம். டிராக்டரைக் கண்டு அல்ல, வாசலில் நிற்கும் நிஸ்மியாவைக் கண்டு. யார் வீட்டுப் பையில் மீன் செதிலோடு சொப்பிங் பையும் சேர்ந்து கிடக்கிறது என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவாள். நானே ஒரு தடவை யோகட் கோப்பையைக் கழுவாமல் போட்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்க வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

காத்தான்குடியில் அவள் வீட்டுப் பின்மதிலைத் தாண்டினால் வாவி. "ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி. எறியிறத்துக்கு நமக்கு வேற எடம் எங்க இரிக்கி?" என்று கேட்பாள். குசினிச் சுவரில் உரப்பைகள் வரிசையாகத் தொங்கும். கண்ணாடிக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, உக்குவதெல்லாம் முருங்கை அடிக்கு. புருஷன் ஹில்மி பிஸ்கட்டைக் கடிக்கும்போதே உறையை எந்தப் பையில் போடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான்.

இப்படிப்பட்டவளுக்கும் ஓர் உயிர்ச் சிநேகிதி இருந்தார், அவளுக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டு அஸீமா ராத்தா. நோன்பு மாதம் வந்தால் ராத்தாவின் கஞ்சி ஒரு நீல ஐஸ்கிரீம் பெட்டியில் மதிலுக்கு மேலால் வரும். எங்கள் ஊரில் ஏனத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. அதே பெட்டி சமூசாவோ, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பமோ சுமந்துகொண்டு திரும்பிப் போகும்.

இந்த முறை நோன்பின் நடுவில் கஞ்சி நின்றுவிட்டது. ராத்தா மதில் பக்கம் தலைகாட்டவே இல்லை. பள்ளிவாசல் கஞ்சி நிஸ்மியாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு நாள் நேரே போய்க் கேட்டாள்.

ராத்தா சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "என்ட பெட்டி எங்க புள்ள? ஏனத்தத் திருப்பாட்டி, இனி அனுப்ப வேணாம் எண்டுதானே அர்த்தம்?"

நிஸ்மியாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. டிராக்டர் வந்த அவசரத்தில், கழுவிக் காயவைத்த மற்றப் பிளாஸ்டிக்கோடு நீலப் பெட்டியும் உரப்பைக்குள் போயிருந்தது. அதை றீசைக்கிளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள், அதுவே மன்னிப்பாகிவிடும் என்ற நம்பிக்கையில்.

"மூத்தவன் பள்ளிக்கூடம் போகக்குள்ள வாங்கின பெட்டி. இப்ப அவன் கட்டாரில இரிக்கான். இவ்வளவு காலமும் நான் அதக் குப்பையாக்கல்ல. நீதான் ஆக்கின."

ஊருக்கே குப்பைப் பாடம் எடுத்தவள் தானே ஒரு பாடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அன்று பின்னேரமே வட்டிலப்பம் அவித்தாள். கலியாணப் பரிசாக வந்து, அலுமாரியை விட்டு இறங்கியே இராத கண்ணாடிக் கிண்ணத்தில் அதை வைத்து அனுப்பினாள். கிண்ணம் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. விலை கூடிய கிண்ணமாச்சே என்று ஹில்மி இழுத்தபோது எரிந்து விழுந்தாள். அவளுக்குக் கிண்ணமா பெரிது? ராத்தா இனி வேண்டாம் என்று விட்டுவிட்டாரோ என்பதுதான் அவளைத் தின்றது.

கடைசி நோன்பன்று மதிலில் யாரோ தட்டினார்கள். கண்ணாடிக் கிண்ணம் நிறையக் கஞ்சி. பக்கத்தில் புதிதாக ஓர் ஐஸ்கிரீம் பெட்டி, உள்ளே இனிப்புத் தொதல். மூடியில் கறுப்பு மாக்கரால் பெரிதாக எழுதியிருந்தது: "அஸீமாட. குப்பை இல்ல."

நிஸ்மியா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தொதலை இன்னும் வாயில் வைக்கவில்லை, அந்தப் பெட்டியில் எதை வைத்துத் திருப்புவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.