பதினைந்து நாள் வைத்திருக்க வேண்டிய கடிதம்

கெமிஸ்ட் சாரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, ஆலை வாசலில் வந்து நின்ற ஒரு வெள்ளை அம்பாசிடர் காரும் அதிலிருந்து ரோஜா மாலையோடு இறங்கிய என் புருஷனும்தான். மதியம் இரண்டு மணி, ஷிப்ட் மாறும் நேரம். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாக வாசலில் நல்ல கூட்டம். என்னை விட்டுவிட்டுத் துறையூர்ப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஆளை, என்ன சொல்லிக் கிளப்பினாரோ, சார் வாடகைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். ஆபீசுக்கு ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். "கொண்டாந்துட்டேன்மா. இன்னியோட உங்க கஷ்டம் தீந்துச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக் கை தட்டினார். என் புருஷன் மாலையைக் கழற்றிக் காரின் மேல் போட்டான். கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. "இவளோட குடும்பம் நடத்துறதுக்கு, இவ தட்டுற டைப் மிஷினோட நடத்தலாங்க" என்றான். சிரித்தார்கள். சாரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

மறுநாளிலிருந்து நான் கேண்டீனுக்குள் நுழைந்தால் யாராவது ஒருவன் மேசையில் விரல்களால் தட்டத் தொடங்குவான். பிறகு அடுத்த மேசை. நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு உட்காரும்வரை தட்டுவார்கள். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் டிபன் டப்பாவை ஆபீசிலேயே பிரித்து, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

அரியலூரை ஒட்டிய ஒரு சிமெண்ட் ஆலை அது. நான் பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்த டைப்பிஸ்ட். சார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார், நாற்பதை நெருங்கியவர். அவருக்கு இருமுனை மனநோய் என்பது கூட வேலை பார்த்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவருடைய மருத்துவ விடுப்புத் தாள்களெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். "ஏறும்மா, அப்புறம் எறங்கும். ரெண்டுமே நான் இல்ல" என்று ஒருமுறை சொன்னார். ஏறும்போது தூக்கம் இருக்காது, உலகத்தையே சரிசெய்யக் கிளம்பிவிடுவார். இறங்கும்போது சட்டைப் பொத்தானைப் போட அரை மணி நேரம் ஆகும். திருச்சி டாக்டர் கொடுத்த மாத்திரையில் கை வேறு நடுங்கும்.

அந்த இறக்கத்தில் அவரைத் தாங்கியது அந்த வேலைதான். உலையிலிருந்து வெளியே வரும் கிளிங்கர் கற்களை மணிக்கு ஒருமுறை எடுத்து வந்து, சலித்து, ஒரு லிட்டர் டப்பாவில் நிரப்பி எடை பார்த்து எழுத வேண்டும். ஒருநாள் முழுவதும் உயிரோடு இருப்பது என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது, அடுத்த எடைவரை இருந்துவிடலாம் என்று நினைத்தால் முடிகிறது என்பார். எட்டு எடை போட்டால் ஒரு ஷிப்ட். எட்டாவதை எழுதிவிட்டு, கரை ஏறியவர்போல மூச்சு விடுவார். ஆனால் அதே இறக்கம்தான் அவரைப் பிடித்து உலுக்கி, நீ எதற்கும் லாயக்கில்லை, வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடு என்றும் சொல்லும்.

அதனால் நன்றாக இருந்த ஒரு நாளில் என்னிடம் வந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். இறங்கியிருக்கும்போது நான் ராஜினாமா கொடுத்தால் மேலே அனுப்பாதீர்கள், பதினைந்து நாள் மேசைக்குள் வைத்திருங்கள், பிறகு என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றார். முதல் தடவை அப்படியே செய்தேன். பதினேழாம் நாள் வந்து, கடிதத்தை வாங்கிக் கிழித்துவிட்டு, சிறுவாச்சூர் கோயில் குங்குமத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கார் வந்தது சித்திரையில், சார் ஏறியிருந்த நேரம். ஆடியில் சார் இறங்கிவிட்டார். முகச்சவரம் இல்லாமல், சட்டையை ஒரு பக்கம் ஏற்றிப் பொத்தான் போட்டுக்கொண்டு, ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, பாதி படிக்கவே முடியவில்லை. அதை அப்படியே மேலே அனுப்பியிருந்தால், மேலாளருக்கு ஒரு சந்தேகம் வந்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான், "நான் சுத்தமா அடிச்சுத் தரேன் சார்" என்றேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். அவர் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"பதினஞ்சு நாளு வெச்சிருப்பீங்கல்லம்மா?"

"வெச்சிருக்கேன் சார்."

மறுநாள் காலை, பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில், அதை மேலாளர் மேசையில் வைத்தேன். அவருடைய விடுப்புகளில் ஏற்கெனவே சலித்துப் போயிருந்தவர்கள், மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த உத்தரவையும் நான்தான் டைப் அடித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சித்திரையில் கை தட்டிய ஆளை நான் தொட முடியவில்லை. ஆடியில் கிடைத்த ஆளை அடித்தேன். இருவரும் ஒருவரல்ல என்று அவர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார், அதை நான் நம்பவும் செய்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தெளிந்து வந்தார். வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்று கார் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு திட்டப் போகிறார் என்று நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "நான் உங்ககிட்ட வெக்கச் சொன்னேனாம்மா, இல்ல அனுப்பச் சொன்னேனா? எனக்கு அந்த நாளு சரியா நெனவு இல்ல" என்றார். கேட்கும்போது குரலில் கோபமே இல்லை. அவருக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே பிடி இல்லாமல் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

"ஒடனே அனுப்புங்கன்னு நீங்கதான் சார் சொன்னீங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், சொல்லியிருப்பேன், அந்த நேரத்தில் நான் அப்படித்தான் என்று முனகிவிட்டுப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

பிறகு அம்மாவுக்கு முடியாமல் போய், நானும் வேலையை விட்டு, அவளைப் பார்த்துக்கொண்டு சில ஆண்டுகள் வீட்டோடு கிடந்தேன். காலையில் எழுந்திருக்க முடியாத நாட்கள் எனக்கும் வந்தன. அவருக்கு வந்ததில் கால்வாசிகூட இருக்காது. ஆனாலும் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு வேலை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் உறைத்தது. அரியலூரைத் திரும்பவும் தனி மாவட்டமாகப் பிரித்த வருடம், அவர் பெரம்பலூருக்கே குடிவந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு வீட்டைத் தேடிக்கொண்டு போனேன்.

அவர் மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆயா வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். சார் பெருத்து, நரைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது, முகம் மலர்ந்தது. டீ வந்தது. குடிக்கலாமா என்று மனைவியிடம் கேட்டார். மின்விசிறியைக் கூட்டலாமா, சட்டையை மாற்றிக்கொள்ளட்டுமா, எல்லாவற்றையும் கேட்டார். வேலை போன நாளிலிருந்து இப்படித்தான் என்று அந்த அம்மா சொன்னார். தன் வாயாலேயே தன் வேலையைத் தொலைத்தவன் இனி எதையும் தானாக முடிவுசெய்யக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டாராம். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை இறக்கங்களையும் தாண்டி வந்திருக்கிறாராம்.

நான் இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். சுத்தமாக அடித்துக் கொடுத்தது, பதினைந்து நாள் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தது, மறுநாளே அனுப்பியது, வாசலில் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைத் தேற்றினார். "இல்லம்மா, நீங்க தப்பா நெனச்சிட்டிருக்கீங்க. நீங்க வெச்சிருக்கேன்னுதான் சொன்னீங்க. நான்தான் அனுப்புங்க, அனுப்புங்கன்னு கெஞ்சினேன். எனக்கு அப்படியே கண்ணு முன்னாடி நிக்கிது. வேணும்னா இவளக் கேளுங்க."

அவர் மனைவி என்னைப் பார்த்தார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர் நம்பிவிட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கண்ணை என் மேலிருந்து எடுக்காமலேயே சாரிடம், "ஆமாங்க, நீங்கதான் அனுப்பச் சொன்னீங்க" என்றார்.

சார் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு டீயைக் கையில் எடுத்தார்.