பீடத் துணிகளும் வாசல் காவலும்

நடந்தவற்றை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. தேவாலயத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கான பீடத் துணிகளை அம்மா பல வருடங்களாக எங்கள் லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் துவைத்துவந்தார்.
2. பூசையை ஒழுங்கு செய்யும் சபையின் தலைவருடைய மனைவி அந்த வேலையைக் கேட்டார். அம்மா கொடுக்கவில்லை.
3. விவிலிய வகுப்பில் லேவியரைப் பற்றிப் படித்தோம்.
4. அடுத்த கூட்டத்தில் தலைவர் அம்மாவுக்கு ஓய்வு கொடுத்தார்.

மூன்றாவது இல்லாமல் நான்காவது நடந்திருக்காது. லேவியர் பழைய இஸ்ரயேலில் திருப்பணிக்கென்றே ஒதுக்கப்பட்ட குலத்தார். பாலைநிலத்தில் இறைவனின் கூடாரம் இடம் பெயரும்போது ஒரு பிரிவினர் திரைகளைச் சுமப்பார்கள், இன்னொரு பிரிவினர் மரச் சட்டங்களை, மற்றொரு பிரிவினர் மூடிக் கட்டிய திருப்பொருட்களை. யார் எதைத் தொடலாம், எதைப் பார்க்கவே கூடாது என்பதற்கும் விதி உண்டு. நான் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அனுமதிகளை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிவைப்பதில்லை. ஐம்பது வயதில் லேவியர் பணியிலிருந்து விலக வேண்டும் என்றும் அங்கே இருக்கிறது. தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா நிறையச் செய்திட்டா. லேவியருக்கே ஐம்பதோட ஓய்வு. இனி அவவும் கொஞ்சம் ஆறட்டும்," என்றார் கூட்டத்தில்.

"அங்கிள், உங்களுக்கு எத்தினை வயசு?" என்று கேட்டேன்.

"நான் எங்க பிள்ளை பீடத்தைத் தொடுறன்? நான் நிர்வாகமெல்லோ."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கிண்ணம் துடைத்த துணியில் திரு இரத்தத்தின், அதாவது பூசையில் கிறிஸ்துவின் இரத்தமாகிவிட்ட திராட்சை இரசத்தின், துளி இருக்கலாம். அதனால் அதை அலசிய முதல் தண்ணீர் சிங்குக்குள் போகக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். எங்கள் பின்வளவு முழுக்கச் சீமெந்து. அம்மா அந்தத் தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் கவுன்சில் நட்ட மரத்தடிக்குப் போவார். வழியில் யார் ஹலோ சொன்னாலும் பதில் வராது. வாரநாட்களில் அவர் முதியோர் இல்லமொன்றில் படுக்கை விரிப்பு மாற்றுகிறார். அங்கே அவரையும் எல்லோரையும்போல 'லவ்' என்று கூப்பிடுகிறார்கள், பெயர் யாருக்கும் தெரியாது. பங்குத்தந்தை பூசை முடிந்து அவரைத் தேடி வந்து கையில் கொடுத்தது இந்தத் துணிகளை மட்டும்தான்.

அந்த ஐம்பது வயது விதிக்கு அடுத்த வரியைத் தலைவர் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன். அடுத்த பூசைக்குப் பிறகு, தேநீர் மேசையில், ஃபோனை அவரிடம் நீட்டினேன்.

"இதையும் பாருங்கோ அங்கிள். விலகின ஆக்களும் கூடாரத்தில நிண்டு மற்றவைக்கு உதவலாம், காவல் பாக்கலாம் எண்டு இருக்கு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாக வாசித்தார். "ஓம், சரியாத்தான் இருக்கு. கெட்டிக்காரி. அப்ப அம்மா காவலைப் பாக்கட்டும். வாசல்ல நிண்டு பாட்டுப் பேப்பர் குடுக்க எங்களுக்கு ஒருத்தரும் இல்லை."

"குளிருக்கு நல்ல கோட் ஒண்டு போட்டுக்கொண்டு வாங்கோ அக்கா," என்றார் அவருடைய மனைவி.

"ஓம், அதுக்கென்ன," என்றார் அம்மா.

பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பவில்லை. "நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா, நான் கோயிலுக்குள்ள முன் வாங்கிலயாவது இருந்திருப்பன்," என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

இப்போதைய நிலை இது. அம்மா மாதாமாதம் வாசலில் நிற்கிறார். பூசை தொடங்கும்வரை அந்தக் கதவைச் சாத்துவதில்லை. துணிகள் தலைவர் வீட்டு வாஷிங் மெஷினில், அந்த முதல் அலசல் இல்லாமலே, அவர்களுடைய உடுப்புகளோடு சேர்ந்து சுற்றுகின்றன. வெள்ளை நன்றாக வருகிறது என்று அவருடைய மனைவியே அம்மாவிடம் சொன்னார். பங்குத்தந்தையிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் அம்மா. நான் இங்கிலீஷ் பூசைக்குப் போகிறேன்.