தடித்த எழுத்தில் தம்பியின் பெயர்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் ஒரு மேசைக் கணினி இருபது வருடங்களுக்கும் மேலாக என்னோடு குடியிருந்தது. கனத்த பெட்டி, மஞ்சளேறிய விசைப்பலகை, போட்டதும் பழைய பஸ் கிளம்புவதுபோல் இரைகிற காற்றாடி. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த மடிக்கணினிகள் எல்லாம் உழைத்துச் செத்துப்போயின. இதை மட்டும் நான் யாரையும் தொட விட்டதில்லை. கேட்டால், ஆபீஸ் விஷயம் இருக்கிறது என்று வாய் கூசாமல் பொய் சொல்வேன். உண்மை என்னவென்றால், அதற்குள் என் தம்பியிடமிருந்து வந்த ஒரு மின்னஞ்சல் திறக்கப்படாமல் கிடந்தது. அது வந்தது அவன் இறந்த ஒன்பதாம் நாள்.

தம்பி கிள்ளானில் அம்மாவோடு இருந்தான். அப்பா போன பிறகு அம்மாவை என்னிடம் அழைத்துவர நினைத்தேன், அவன் விடவில்லை. அம்மாவுக்கே வர விருப்பமில்லை என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் நிதானம் தெரியாது. "அம்மாவை நீ கட்டிப்போட்டு வைத்திருக்கிறாய். இனி என் முகத்தில் முழிக்காதே" என்று ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்பினேன். நேரில் சொல்லியிருந்தால் பாதியிலேயே வாய் குழறியிருக்கும். விசைப்பலகைக்கு என்ன வந்தது, தட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டது. நான்காம் நாள் மழையில் அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. சொன்னபடியே அவன் என் முகத்தில் முழிக்கவில்லை.

சாவு வீட்டிலிருந்து மாற்றுத்துணி எடுக்க நான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தது ஒன்பதாம் நாள் காலையில். ஆபீசுக்கு விடுப்பு எழுதலாம் என்று இணையத்தைப் போட்டேன். தொலைபேசி லைன் கீச்சிட்டு முடிந்ததும் ஒரே ஒரு கடிதம் இறங்கியது. அனுப்பியவர் இடத்தில் தம்பியின் பெயர், தடித்த கறுப்பு எழுத்தில். பக்கத்தில் என் மின்னஞ்சலுக்கு நான் வைத்த அதே தலைப்பு, முன்னால் 'பதில்' என்ற குறியோடு.

பேய் என்று நினைக்கவில்லை. அந்தக் காலத்துக் கணினியில் எழுதி வைத்த கடிதம் லைன் கிடைக்கும்வரை உள்ளேயே காத்திருக்கும். பிறகு யார் இணைப்பைப் போட்டாலும் கிளம்பிவிடும். துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ அவன் கணினியைப் போட்டிருக்கிறார்கள், அவன் எழுதி வைத்த பதில் புறப்பட்டு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பதில் எழுதியிருந்தால் நான் எழுதியதைப் படித்திருக்கிறான். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த மழையில் வண்டி ஓட்டியிருக்கிறான். பேய் என்றால்கூடத் தேவலாம் போலிருந்தது.

திறக்கத் துணிவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது. மாதம் இரண்டு முறை கிள்ளானுக்குப் போவேன், சாமான் வாங்கிக் கொடுப்பேன், மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து மட்டும் பேசமாட்டேன். அவர் பிள்ளையைக் கொன்றவன் நான் என்ற நினைப்பு எனக்கு. எப்போதாவது வீட்டில் ஆளில்லாதபோது கணினியைப் போட்டுப் பார்ப்பேன். அந்தப் பெயர் தடித்தபடியே இருக்கும். உடனே அணைத்துவிடுவேன்.

போன மாதம் மகள் பின்னறையைக் காலி செய்ய வந்து நின்றாள்.

"சனிக்கிழம ரீசைக்கிள் லோரி வருது பா. இத எதுக்கு இன்னும் கட்டி அழறீங்க? மேசை மேல பொட்டி வெக்கிற காலமே முடிஞ்சிருச்சு லா. உள்ள இருக்கறத எல்லாம் புது மெஷினுக்கு மாத்திக் குடுத்துர்றேன்."

நான் மறுப்பதற்குள் அவள் அதைப் போட்டு, கடிதப் பெட்டியையும் திறந்துவிட்டாள்.

"பா, சித்தப்பாகிட்டேருந்து ஒரு மெயில் படிக்காமயே இருக்கு."

"இருக்கட்டும், விடு."

"நீங்க படிக்கலைன்னாலும் பரவால்ல. புது மெஷின் அதுவே எல்லாத்தையும் படிச்சு, என்ன எழுதியிருக்குன்னு நாலு வரியில சொல்லிரும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இனி வரும் கணினிகள் எதையும் மூடி வைக்க விடாது போலிருக்கிறது. என் தம்பி என்னைத் திட்டியதை ஏதோ ஓர் இயந்திரம் முதலில் படித்து எனக்குச் சுருக்கிச் சொல்வதா? அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்து திறந்தேன்.

இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ். தம்பி எழுதியதல்ல.

"ஐயா, அம்மா எழுதறேன், தம்பி பழக்கிவிட்ட மாதிரி தட்டறேன். வீடு நெறைய ஆளுங்க, வாயால சொல்ல முடியல. தம்பி கூட்டாளிங்க நம்பர் தேட இத தொறந்தேன். நீ எழுதுனது மேலேயே கறுப்பா தடிச்சு இருந்துச்சு. அவன் அத தொறக்கவே இல்லய்யா. நாந்தான் மொதல்ல தொறந்தேன். நீ திட்டுனது அவனுக்குத் தெரியாது. இந்தப் பாரத்த நீ தூக்காத. படிச்சதும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லு."

அதன் கீழே நான் எழுதியது அப்படியே இருந்தது. வாய்விட்டு அழுதேன். மகள் ஓடி வந்து என்ன என்று கேட்டாள்; நான் கைப்பேசியை எடுத்தேன்.

கிள்ளானுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

"அம்மா, தம்பி செத்தப்ப அவன் கம்ப்யூட்டர்லேருந்து எனக்கு எழுதுனீங்கல்ல. அத இப்பதான் படிச்சேன்."



"இப்பதானா?" என்றார். "உன் கடுதாசிய நான் பிரிச்சுப் படிச்சிட்டேன்னு உனக்குக் கோவம்னுல்ல இருந்தேன். நீ வர்றப்பல்லாம், இன்னைக்காவது எம் மூஞ்சியப் பாப்பியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்யா."