பாதித் தூக்கத்தில் கொடுத்த கடவுச்சொல்

மூன்று வருஷத்துக்கு முன்பு, எடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாட்களில், அருமனையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகள் பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் ரப்பர்த் தோட்டம். மழை விட்ட பிறகும் இலைகளிலிருந்து வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். எது மழை, எது மரம் சொட்டுவது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. காலையா, சாயங்காலமா என்பதே அந்த நாட்களில் கொஞ்சம் குழப்பம்தான். பிள்ளை தூங்கும்போது தூங்கி, அவள் விழிக்கும்போது விழித்து, இடையில் கிடைத்த நேரத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் தாவரவியலில் பகுதி நேர ஆராய்ச்சி மாணவி. மரப்பட்டையில் வளரும் பாசிகள்தான் என் ஆராய்ச்சி. மாதிரி எடுக்க நான் எங்கேயும் போகவேண்டாம், முற்றத்தில் இறங்கினால் போதும். ஆனால் என் பல்கலைக்கழகம் பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது. பிள்ளை உண்டானதும் நூலகத்தோடு இனி நமக்கு உறவில்லை என்றே நினைத்துவிட்டேன்.

கூடப் படிக்கும் ஒரு தோழிதான் ஃபோனில் வழி சொன்னாள். ஆராய்ச்சி இதழின் இணையதளத்தில் நம் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது நம்மைப் பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுப் பக்கத்துக்குக் கொண்டுபோகும். அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால், 'இவர் எங்கள் ஆள்தான்' என்று பல்கலைக்கழகம் அந்த இணையதளத்துக்குச் சொல்லிவிடும். பிறகு கட்டுரை திறக்கும். அடுத்த இதழ், அதற்கடுத்த இதழ், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கடவுச்சொல் போதும்.

முதல் தடவை அப்படி ஒரு கட்டுரை திறந்தபோது பிள்ளை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். எங்கோ பனி மூடிய நாட்டில், பைன் மரத்தில் வளரும் பாசியைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். உறைபனிக்கு அடியில் அது மாதக்கணக்கில் செத்ததுபோலக் கிடந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் பச்சையாகிவிடுமாம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணை மூடினால் எங்கள் ரப்பர் மரங்களின் மேலேயும் பனி விழுவதுபோல இருந்தது. அந்த ஒரு மாதமும் நான் வீட்டில் இருந்தேனா, அந்த மரங்களுக்கு நடுவில் இருந்தேனா என்று கேட்டால் சரியாகச் சொல்ல முடியாது.

அப்படி ஒரு மத்தியானம், பிள்ளையைத் தூங்கவைத்து நானும் பாதி தூங்கிக்கொண்டிருந்தபோது ஃபோனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் நூலக அனுமதி இன்றோடு முடிகிறது, புதுப்பிக்க இங்கே தொடவும்' என்று இருந்தது. தொட்டேன். வழக்கமான பக்கம், அதே முத்திரை, அதே நீல நிறம். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தேன். 'நன்றி' என்று வந்தது. ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு கட்டுரையைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. அன்று காலையே பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கான இணைய அனுமதியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். குரல் மெதுவாக இருந்தது.

"உங்க கணக்குலேர்ந்து ஒரே ராத்திரியில ஆயிரக்கணக்குல கட்டுரைகளை யாரோ இறக்கியிருக்காங்கம்மா. இன்னும் சிலர் கணக்குலயும் இப்படித்தான். ஒரு பெரிய பதிப்பகம் நம்ம பல்கலைக்கழகத்துக்கே அனுமதியை நிறுத்திட்டாங்க. இது எப்படி நடந்ததுன்னு நாம விளக்கம் சொன்னாதான் திரும்பத் திறப்பாங்க. நீங்க பாஸ்வேர்டை வேற எங்கயாவது கொடுத்தீங்களா?"

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த 'நன்றி' கண்முன் வந்து நின்றது. ஆனாலும் வாய், "இல்ல மேடம், நான் எங்கயும் கொடுக்கல்ல" என்று சொன்னது. "சரிம்மா. ஆய்வேட்டை ஒப்படைக்கிற நேரம், நிறையப் பேர் தவிச்சிட்டு நிக்கிறாங்க. ஏதாவது ஞாபகம் வந்தா கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் கணவர் சாப்பிட வந்தார். ஜங்ஷனில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏட்டி, என்ன ஆச்சு? பிள்ளைக்கு காய்ச்சல் வல்லதும் உண்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. என் ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்துவிடுவார்கள், இத்தனை வருஷப் படிப்பும் போய்விடும் என்று அழுதேன். அவர் திட்டவில்லை.

"அந்தம்மா என்னத்துக்கு கேட்டாவ? ஒன்ன பிடிக்கதுக்கா? அது ஒனக்க கணக்குன்னு அவியளுக்கு முன்னமே தெரியுமே. எந்த வழியா கள்ளன் வந்தாம்னு தெரிஞ்சாத்தானே அடைக்க முடியும்? கூப்பிட்டு உள்ளத பறஞ்சிரு."

அது எனக்கும் தெரிந்த விஷயம்தான். பயத்தில் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். அப்போதுதான் அந்தப் பக்கத்தின் முகவரியை முதல்முறையாகப் படித்தேன். பல்கலைக்கழகப் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. நுண்ணோக்கியில் பாசியின் இலை நுனியில் எத்தனை பல் என்று எண்ணுகிறவள், அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

கூப்பிட்டேன். "மேடம், காலையில நான் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். எந்த நாள், எத்தனை மணி, என்ன முகவரி, எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மாட்டின கணக்கு வச்சிருக்கிற எல்லார்கிட்டயும் கேட்டேன்மா. அதுல ஒரு பேராசிரியரும் இருக்கார். எல்லாரும் ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்லியிருக்கீங்க" என்றார்.

அந்த முகவரியை வைத்து, அந்த வலையில் விழுந்தவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, எல்லாருடைய கடவுச்சொல்லையும் மாற்றினார்கள். பதிப்பகத்துக்கு விளக்கம் போனது. நான்காம் நாள் அனுமதி திரும்ப வந்தது. என் பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில மாதம் கழித்து அந்த நூலகப் பெண்மணியே மறுபடியும் கூப்பிட்டார். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்களுக்கு இணையத்தில் ஓர் அறிமுக வகுப்பு நடத்தப்போவதாகவும், நடந்ததை நான் எழுதிக் கொடுத்தால் பெயர் சொல்லாமல் வாசிப்பதாகவும் கேட்டார். ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். வகுப்பன்று கேமராவை அணைத்துவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நானும் கேட்டேன்.

வேறொருவர் குரலில் என் மத்தியானத்தைக் கேட்பது விசித்திரமாக இருந்தது. மழை, தொட்டில், பாதித் தூக்கம், நீல நிறப் பக்கம்... எப்போதோ யாரோ கண்ட கனவுபோல இருந்தது. வாசித்து முடித்ததும் யாரோ சிரித்தார்கள். "இதுகூடவா பாக்க மாட்டாங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் காது சூடாகிவிட்டது.

அப்போது இன்னொரு மாணவி, ரொம்பச் சின்னக் குரலில், "அவங்க பதிவை ரத்து பண்ணிட்டாங்களா மேடம்?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றார் நூலகப் பெண்மணி. கொஞ்ச நேரத்தில் அதே குரல் மறுபடியும், "நிஜமாவே ஒண்ணும் பண்ணலையா?" என்றது.

இரண்டாவது தடவை கேட்ட விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நூலகப் பெண்மணியிடம் பொய் சொன்ன அன்று எனக்கு இருந்த குரல் அது. யோசிக்காமல் கேமராவைத் திறந்தேன். "ஒண்ணும் பண்ணல்ல மக்கா. அது நான்தான். இஞ்சதான் இருக்கேன், இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வந்துவிட்டது. திரையில் இருந்த அத்தனை முகங்களும் என்னையும், என் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மகளையும் பார்த்தன. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அந்தப் பெண், "இன்னைக்குக் காலையில எனக்கும் அப்படி ஒரு மெயில் வந்துச்சு. நானும் பாஸ்வேர்டைக் கொடுத்துட்டேன்" என்றாள்.

"லைன்லயே இரும்மா, இப்பவே மாத்திடலாம்" என்றார் நூலகப் பெண்மணி. வகுப்பு முடிவதற்குள் மாற்றியாகிவிட்டது. அவள் கணக்கிலிருந்து ஒரு கட்டுரைகூடப் போகவில்லை.

அந்த மாணவியின் பெயர்கூட எனக்குத் தெரியாது, பிறகு நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. ஆனால் இன்றைக்கும் ஏதாவது தப்பு செய்துவிட்டு அதை மூடி மறைக்க வாய் திறக்கும்போதெல்லாம், 'நிஜமாவே ஒண்ணும் பண்ணலையா' என்று கேட்ட அந்தச் சின்னக் குரல் நினைவுக்கு வருகிறது. நான் முதலில் சொன்னால் தானும் தன் பயத்தைச் சொல்லலாம் என்று யாரோ ஒருவர் காத்திருப்பதாகத் தோன்ற, உண்மையையே சொல்லிவிடுகிறேன்.